ஓவர்ஸ்டேக்குப் பிறகு கிரீன் கார்டு, அடுத்து சிட்டிசன்ஷிப்: அமெரிக்காவில் என்-400 போடும் முன்

விசா முடிந்த பிறகும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டு, பிறகு அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்து, நாட்டை விட்டு வெளியே போகாமலே கிரீன் கார்டு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான். சிட்டிசன்ஷிப் போடலாமா என்று விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் வந்தது. "பத்து வருடம் அந்தப் பக்கமே போகாதே" என்றார் ஒருவர். "கிரீன் கார்டு கொடுத்தபோதே எல்லாம் மன்னிச்சாச்சு, கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் சரியில்லை என்று புரிய எனக்கு நிறைய நாள் ஆனது.

ஓவர்ஸ்டே என்பதற்காக மட்டும் குடியுரிமையை மறுப்பதில்லை. ஆனால் குடியுரிமை விண்ணப்பப் படிவமான என்-400ஐப் போட்டதும் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவு சேவைத் துறை) அதிகாரி உங்கள் பழைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து திறக்கிறார். முதல் விசா விண்ணப்பத்தில் என்ன சொன்னீர்கள், கிரீன் கார்டு படிவத்தில் என்ன எழுதினீர்கள், இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கிரீன் கார்டு சட்டப்படி சரியாகக் கிடைத்ததா என்று மறுபடி பார்ப்பது அவர் கடமை. சரியில்லை என்று பட்டால் குடியுரிமை மறுப்போடு விஷயம் நிற்காது. நாடுகடத்தல் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸே வரலாம். அதனால் "போட்டுத்தான் பார்ப்போமே, போனால் ஃபீஸ் போச்சு" என்கிற கணக்கு இங்கே செல்லாது.

1. கிரீன் கார்டு எந்தக் கதவு வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள்

குடிமகன் அல்லது குடிமகளின் கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளை, 21 வயது நிரம்பிய குடிமக்களின் பெற்றோர் ஆகியோருக்குச் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு. விமான நிலையத்திலோ எல்லையிலோ அதிகாரி பார்த்து முறையாக உள்ளே விட்டிருந்தால், அதன் பிறகு விசா காலம் தாண்டியதும், அனுமதியில்லாமல் வேலை பார்த்ததும் கிரீன் கார்டைத் தடுக்காது. உங்கள் ஐ-485 (உள்ளே இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் படிவம்) இந்த வழியில் பாஸ் ஆகியிருந்தால் அடித்தளம் உறுதி.

கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால், படிவத்தைத் தொடும் முன்பே குடிவரவு வக்கீலிடம் போங்கள்:

- 180 நாளுக்கு மேல் ஓவர்ஸ்டே ஆகி, ஊருக்குப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்தவர்கள். அதனால் மறுபடி உள்ளே வர விழும் தடை 3 வருடம். ஓவர்ஸ்டே ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். இடையில் ஒரு வெளிநாட்டுப் பயணம் இருந்தால் அது என்ன காகிதத்தில் நடந்தது என்பதுதான் கேள்வி. அட்வான்ஸ் பரோல் (திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி) வாங்கிப் போய் வந்திருந்தால், 2012இல் வந்த அரபல்லி-யர்ரபெல்லி தீர்ப்பின்படி அது இந்தத் தடையைக் கிளப்பாது.
- கப்பல் ஊழியர் விசாவில் வந்து இறங்கி அப்படியே தங்கிவிட்டவர்கள். கல்யாணச் சலுகை இவர்களுக்குச் செல்லாது. எந்த அடிப்படையில் கிரீன் கார்டு கிடைத்தது என்று தெரியாமல் நகர வேண்டாம்.
- வேறு பெயரில், வேறு பாஸ்போர்ட்டில் ஒரு தடவையாவது வந்தவர்கள்.
- எப்போதோ ஒரு நாடுகடத்தல் உத்தரவு அல்லது குடிவரவு நீதிமன்ற நோட்டீஸ் வந்தவர்கள். முகவரி மாறியதால் நோட்டீஸ் கைக்கு வராமல், ஆஜராகாத காரணத்துக்காக உத்தரவு போடப்பட்ட வழக்குகளும் உண்டு. உங்கள் ஏ-நம்பரை (கிரீன் கார்டில் இருக்கும் குடிவரவு எண்) போட்டுக் குடிவரவு நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.
- இலங்கையிலிருந்து வந்தவர்களில், எந்த இயக்கத்தோடாவது தொடர்பு இருந்தவர்கள், கட்டாயத்தின் பேரில் பணமோ உழைப்போ கொடுத்தவர்கள். என்-400இல் ஆயுதப் பயிற்சி, ஆயுதக் குழு என்று ஒரு பக்கமே கேள்வி வரும்.

2. பழைய ஃபைலை வரவழையுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், அதாவது ஃபோயா என்று எல்லோரும் சொல்வதன் மூலம், உங்கள் ஏ-ஃபைலின் (உங்கள் பெயரில் உள்ள குடிவரவுக் கோப்பு) நகலை யுஎஸ்சிஐஎஸ் இணையதளத்திலேயே கேட்கலாம். சாதாரணமாக இதற்குச் செலவில்லை. பிடிஎஃப்பாக அவர்கள் தளத்திலேயே வந்து விழும். வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தகுதித் தேதி நெருங்குவதற்கு ஆறேழு மாதம் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.

வந்ததும் அவசரமில்லாமல் ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள். பேனாவும் காகிதமும் இருக்கட்டும். எழுதிக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு முகவரியும் அதன் தேதிகளும், ஒவ்வொரு வேலையும், முந்தைய கல்யாணம் இருந்தால் அது முறிந்த தேதி, பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது, கடைசியாக உள்ளே வந்த தேதியும் ஐ-94 (நுழைவுப் பதிவு) எண்ணும். கிரீன் கார்டு நேர்காணலில் அதிகாரி கையால் கிறுக்கிய குறிப்புகளும் சில சமயம் வரும். அதையும் விடாதீர்கள்.

விசாவுக்காக நிரப்பிய டிஎஸ்-160 இந்த ஃபைலில் முழுதாக இல்லாமல் போகலாம். ஆனால் அதிகாரி அதையும் பார்க்க முடியும். ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்த படிவம் என்றால் அதில் என்ன இருக்கிறதென்றே பலருக்குத் தெரியாது. விசிட்டர் விசா கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கல்யாணம் ஆனவர் என்றோ, ஊரில் பெரிய வேலை என்றோ போட்டுவிட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கி வைத்த மின்னஞ்சல் நகல் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். முரண்பாடு கண்ணில் பட்டால் மூடி மறைக்கும் வேலை வேண்டாம். விளக்கத்தோடு போக வேண்டிய விஷயம் அது. எப்படி விளக்குவது என்று வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனை கேளுங்கள். வழக்கு முழுவதையும் ஒப்படைப்பதற்கான கட்டணம் வேறு, ஆலோசனைக் கட்டணம் வேறு; இரண்டையும் தனித்தனியாகவே விலை கேட்கலாம்.

3. ஓவர்ஸ்டே காலத்தைச் சல்லடை போட்டுச் சலியுங்கள்

தங்கியது பிரச்சினை இல்லை என்றேன். தங்கிய காலத்தில் போட்ட கையெழுத்துகள்தான் பிரச்சினை.

முதலில் ஐ-9. வேலையில் சேரும்போது எந்த முதலாளியும் நிரப்பச் சொல்லும் ஒரு பக்கப் படிவம். அதில் வரிசையாக நான்கு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டமே "அமெரிக்கக் குடிமகன்". காகிதம் இல்லாமல் பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ வேலைக்குச் சேர்ந்தவர்கள், மேலாளர் சொன்னார் என்று அந்த முதல் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். அனுமதியில்லாத வேலை உங்களுக்கு மன்னிக்கப்படும். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னது மன்னிக்கப்படாது. 1996 செப்டம்பர் 30 முதல் அப்படிச் சொன்ன எவருக்கும் ஏறக்குறைய வாழ்நாள் தடை. கிரீன் கார்டு கையில் இருந்தாலும் அதை ஆட்டிப் பார்க்கும் விஷயம் இது. அந்தக் கட்டத்தில் என்ன டிக் அடித்தோம் என்று நினைவில்லாதவர்களும் இந்த ஒன்றுக்காகவே வக்கீலைப் பார்க்கலாம்.

அடுத்தது வாக்காளர் பதிவு. ஓட்டுநர் உரிமம் எடுக்க டிஎம்விக்குப் போனால், பல மாநிலங்களில் கவுண்டரிலேயே "வாக்காளராகப் பதிய விருப்பமா?" என்று கேட்பார்கள். படபடப்பில் "யெஸ்" சொல்லி, அட்டை வீட்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். என்-400 இதை நேரடியாகக் கேட்கிறது. உங்கள் மாநிலத் தேர்தல் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். இருந்தால், நீக்கச் சொல்லி எழுதும் முன்பே ஆலோசனை எடுங்கள். ஓட்டே போட்டிருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளி வையுங்கள்.

செலக்டிவ் சர்வீஸ் பற்றி ஆண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 18 முதல் 25 வயது வரை அமெரிக்காவில் வசிக்கும் ஆண்கள் ராணுவப் பதிவேட்டில் பெயர் கொடுத்தாக வேண்டும். மாணவர், விசிட்டர், எச்-1பி போன்ற செல்லுபடியாகும் விசாவில் இருக்கும்வரை விலக்கு. விசா முடிந்ததும் அந்த விலக்கும் முடிந்துவிடும்! 23 வயதில் விசா காலாவதியாகித் தங்கிவிட்டவர் 26 ஆவதற்குள் பதிந்திருக்க வேண்டும். 26 தாண்டிவிட்டால் இனிப் பதிய முடியாது. அப்போது செலக்டிவ் சர்வீஸ் அலுவலகத்தில் நிலை விளக்கக் கடிதம் ஒன்றை இலவசமாக வாங்கி, வேண்டுமென்றே தவிர்க்கவில்லை, தெரியாது என்று கையெழுத்திட்ட வாக்குமூலமும் சேர்க்க வேண்டும். 31 வயது தாண்டியவர்களுக்கு (குடிமகனின் துணை என்று 3 வருட வழியில் போடுபவர்களுக்கு 29) இது பொதுவாகத் தடையாக நிற்பதில்லை.

வருமான வரியில் இரண்டு கேள்விகள். கிரீன் கார்டு வந்த பிறகு எல்லா வருடமும் தாக்கல் செய்தீர்களா? தாக்கல் செய்தது எந்த நிலையில்? ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவி, பணம் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு "சிங்கிள்" என்றோ "ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு" என்றோ தாக்கல் செய்திருந்தால், அதே தாளை வைத்து உங்கள் கல்யாணத்தையே அதிகாரி சந்தேகிக்கலாம். திருத்திய ரிட்டர்ன் போட்டுவிட்டு, அதன் நகலோடு போங்கள். வரி பாக்கி இருப்பது குற்றமில்லை. ஐஆர்எஸ் என்ற வருமான வரித் துறையோடு தவணை ஒப்பந்தம் போட்டு, ஒழுங்காகக் கட்டிவரும் ரசீதுகள் இருந்தால் போதும். ஓவர்ஸ்டே காலத்தில் கையில் காசாக வாங்கிய சம்பளத்துக்கு என்ன செய்வது என்பதைக் குடிவரவு வழக்குகள் தெரிந்த கணக்காளரிடம் கேளுங்கள். தானாகக் கட்டியவருக்கு அது நன்னடத்தைக் கணக்கில் வரவாகவே சேரும்.

கைது, போலீஸ் வழக்கு எதுவானாலும், தள்ளுபடி ஆனதும் பதிவிலிருந்து நீக்கப்பட்டதும் உட்பட, சொல்லியே ஆக வேண்டும். வழக்கு முடிந்த நீதிமன்றத்தில் சான்றொப்பமிட்ட முடிவு நகல் வாங்குங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய தண்டனை, குடியுரிமைக்குக் கணக்கெடுக்கும் 3 அல்லது 5 வருடத்துக்குள் இரண்டு முறை இருந்தால், நன்னடத்தை இல்லை என்றே தொடங்குவார்கள்.

4. மூன்று வருடமா, ஐந்து வருடமா?

கார்டில் "ரெசிடென்ட் சின்ஸ்" என்று இருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள். பொதுவிதி 5 வருடம். குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவியோடு அந்த 3 வருடமும் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு 3 வருடம். இரண்டு வருட நிபந்தனைக் கார்டு முதலில் வந்திருந்தாலும் அந்த இரண்டு வருடமும் கணக்கில் சேரும். ஆனால் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட்டிருக்க வேண்டும்: கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், 750 டாலர். அது நிலுவையில் இருக்கும்போதே என்-400 போடலாம். இரண்டையும் ஒரே நாளில் விசாரிப்பதும் உண்டு; அப்படியானால் துணையும் கூட வர வேண்டும்.

தகுதி நாளுக்கு 90 நாள் முன்னதாகவே அனுப்பலாம். யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. ஒரு நாள் முந்தினாலும் நிராகரித்துவிடுவார்கள், பணமும் போய்விடும். அதனால் நான்கைந்து நாள் தள்ளியே போடுங்கள். இந்த 90 நாள் சலுகை, சேர்ந்து வாழ்ந்த 3 வருடக் கணக்குக்குக் கிடையாது. அது விண்ணப்பிக்கும் நாளில் முழுதாக நிறைந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணக் கணக்கு: 5 வருட வழியில் குறைந்தது 913 நாள், 3 வருட வழியில் 548 நாள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் 6 மாதம் தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதுவார்கள். வேலை, வீடு, குடும்பம் இங்கேதான் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு வருடம் ஆகிவிட்டால் கணக்கு அறுந்தேவிடும். ஓவர்ஸ்டே காலம் முழுக்க ஊருக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள், கார்டு வந்ததும் அப்பா அம்மாவோடு இருக்கலாம் என்று போய் ஏழு மாதம் தங்கிவிடுவது மிகச் சாதாரணம். போகிறவர்கள் ஐந்தரை மாதத்தில் ஒரு எட்டு திரும்பி வந்துவிடுங்கள்.

கல்யாணம் ஆட்டம் காண்கிறது என்றால் 3 வருட வழி வேண்டாம். உறுதிமொழி எடுக்கும் முன் விவாகரத்து ஆனால் அந்த வழி அடைபட்டுவிடும். 5 வருடம் பொறுத்திருந்து போட்டால் இன்றைய கல்யாண நிலை தகுதியைத் தொடாது. அப்போதும், கிரீன் கார்டு கொடுத்தபோது அந்தக் கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்டும் பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

5. காகிதங்கள்

கிரீன் கார்டின் இரு பக்க நகல், கல்யாணச் சான்றிதழ், முந்தைய கல்யாணங்கள் இரு தரப்பிலும் முடிந்ததற்கான சான்று, கடந்த 5 வருட (அல்லது 3 வருட) ஐஆர்எஸ் ட்ரான்ஸ்கிரிப்ட் (வரித் தாக்கலின் சுருக்கப் பதிவு). ட்ரான்ஸ்கிரிப்ட் ஐஆர்எஸ் கணக்கில் இலவசமாகவே இறங்கும். ரிட்டர்ன் நகலைவிட அதிகாரிகள் இதையே விரும்புகிறார்கள்.

3 வருட வழி என்றால் துணையின் குடியுரிமைச் சான்று, சேர்ந்து எடுத்த வாடகை அல்லது வீட்டுக்கடன் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீடு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். மூன்று வருடமும் பரவலாக வரட்டும். விண்ணப்பிக்கும் மாதத்து வங்கி அறிக்கை ஒன்றை மட்டும் வைத்தால் எடுபடாது.

ஓவர்ஸ்டே ஆனவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டியது உள்ளே வந்ததற்கான ஆதாரம்: விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட், நுழைவு முத்திரை, ஐ-94. காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கேன்சல் முத்திரை போட்டுத் திருப்பித் தருவார்கள். அது குப்பை இல்லை.

தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், "எனக்கு இரு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு" என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். நோட்டரி முத்திரை தேவையில்லை. அதற்கென்று தனியாகக் காசு கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

2025 ஆகஸ்டிலிருந்து நன்னடத்தையை முழுமையாக எடைபோட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு இருக்கிறது. தவறு இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, நல்லதும் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். நிலையான வேலை, வரி, படிப்பு, குடும்பத்தைக் கவனிப்பது, ஊர்ப்பணி எல்லாம் இதில் வரும். முதலாளி, அண்டை வீட்டார், கோயில் அல்லது தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர் என இரண்டு மூன்று பேரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். ஓவர்ஸ்டே பின்னணி உள்ளவர்களுக்கு இது வீண்போகாது.

6. படிவமும் பணமும்

இணையத்தில் போட்டால் 710 டாலர், காகிதத்தில் 760. விரல்ரேகைக் கட்டணம் இதிலேயே அடங்கும். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் 380 டாலர்தான். நான்கு பேர் குடும்பத்தில் வருமானம் லட்சம் டாலரைத் தாண்டினாலும் இதற்குள் வர வாய்ப்பு உண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 சதவீதத்துக்குள் என்றால் ஐ-912 போட்டு முழு விலக்கே கேட்கலாம். ஆனால் குறைந்த கட்டணமோ விலக்கோ கேட்பவர்கள் காகிதத்தில்தான் அனுப்ப வேண்டும். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகித விண்ணப்பத்தோடு செக், மணி ஆர்டர் வைத்தால் ஏற்பதில்லை. கார்டு எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ எழுதும் தனிப் படிவத்தைச் சேர்க்க வேண்டும்.

கேள்விகளில் "எவர்" என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும் இடங்களில் நிதானியுங்கள். அது 5 வருடத்தைக் கேட்கவில்லை, பிறந்ததிலிருந்து கேட்கிறது, எந்த நாட்டில் நடந்தாலும் சேர்த்து. பிள்ளைகள் பகுதியில் ஊரில் இருக்கும் பிள்ளை, முந்தைய கல்யாணத்துப் பிள்ளை என 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் எழுத வேண்டும்.

பெயர். இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, விசாவில் முதல் பெயர் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று, சோஷியல் செக்யூரிட்டியில் ஒன்று, அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னே இன்னொரு இடத்தில் பின்னே. இதுவரை பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் "வேறு பெயர்கள்" பகுதியில் எழுதிவிடுங்கள். இந்தப் படிவத்திலேயே தனிக் கட்டணமில்லாமல் பெயர் மாற்றமும் கேட்கலாம். நீதிபதி முன்னால் நடக்கும் உறுதிமொழி விழாவுக்குக் காத்திருக்க நேரிடும் என்பது மட்டும்தான் விலை. பயணம் அவசரமில்லை என்றால் செய்துவிடுங்கள், இதைவிட மலிவாக இனி அமையாது.

"நானே எல்லாம் போட்டுத் தருகிறேன், வக்கீல் எதுக்கு" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் நம் சமூகத்திலும் உண்டு. சட்ட ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் வக்கீல்களும், நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் மட்டுமே. பின்னவர்கள் தொண்டு நிறுவனங்களில் குறைந்த கட்டணத்துக்கே கிடைப்பார்கள்.

அனுப்பியதும் ரசீது வரும். கார்டு காலாவதியாகப் போகிறதென்றால், என்-400 ரசீதே அதை 24 மாதம் நீட்டிக்கும். கார்டு புதுப்பிக்கும் செலவு மிச்சம். வீடு மாறினால் 10 நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தெரிவியுங்கள். காத்திருக்கும் காலம் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். உங்கள் ஊர் அலுவலகத்தின் நிலவரம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது.

7. தேர்வு

2025 அக்டோபர் 20 அன்றோ அதன் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதுத் தேர்வு: 128 கேள்விகளைப் படிக்க வேண்டும், 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் தேர்ச்சி, 9 தவறானால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பழைய 100 கேள்வி வீடியோக்களும் செயலிகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஜாக்கிரதை. ஒரு வாக்கியம் வாசிக்க, ஒரு வாக்கியம் எழுத மூன்று மூன்று வாய்ப்பு.

50 வயது ஆகி கிரீன் கார்டோடு 20 வருடம் இருந்தவர்களும், 55 வயது ஆகி 15 வருடம் இருந்தவர்களும் ஆங்கிலத் தேர்வு இல்லாமல் மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். ஓவர்ஸ்டே வருடங்கள் இந்தக் கணக்கில் சேராது.

8. நேர்காணல்

அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும், எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் கொண்டு போங்கள். முதலில் எழுந்து நின்று வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி கூறச் சொல்வார்கள். அதன் பிறகு வாயிலிருந்து வருவது எல்லாமே சாட்சியம். வாசிப்பும் எழுத்தும் பெரும்பாலும் மேசை மேல் உள்ள டேப்லெட்டில்.

எனக்குத் தேர்வு முடிந்ததும் அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் இருந்த தடிமனான ஃபைலை இழுத்தார். மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டிய பக்கம் என் பழைய ஐ-485இன் வேலைப் பட்டியல். விசா முடிந்த வருடத்துக்கும் கல்யாணமான வருடத்துக்கும் நடுவில் விரலை வைத்து, இந்தக் காலத்தில் எப்படிச் சாப்பாட்டுக்கு வழி பண்ணினீர்கள் என்றார். படிவத்தில் இருந்ததையே சொன்னேன்: எந்தக் கடை, எந்த வருடம், அனுமதி இல்லாமல்தான். ஐ-9 நிரப்பினீர்களா, எந்தக் கட்டம் என்று அடுத்த கேள்வி. பதிலைத் தட்டச்சு செய்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். ஃபைலை முன்பே வாங்கிப் படித்திருந்ததால்தான் அந்தக் கேள்விக்கு நாக்கு உலரவில்லை.

ஓவர்ஸ்டே பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்: இந்தத் தேதியில் முடிந்தது, போகவில்லை, ஐ-485இல் தெரிவித்திருக்கிறேன். ஏன் போகவில்லை என்ற கதையைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். நீட்டினால் தேதிகள் குழம்பும். கேள்வி புரியாவிட்டால் "ஆமாம்" என்று தலையாட்டி விடாமல் மறுபடி கேளுங்கள். "அலீஜன்ஸ்", "பெர்செக்யூட்", "மிலிஷியா" போன்ற படிவச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லச் சொல்வதும் உண்டு. நம்மவர்கள் வரலாற்றுக் கேள்விகளை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு இங்கேதான் திணறுகிறார்கள்.

9. முடிவும் உறுதிமொழியும்

அன்றே ஒரு தாள் தருவார்கள்: பரிந்துரைக்கப்பட்டது, தொடர்கிறது, மறுக்கப்பட்டது என்று மூன்றில் ஒன்று. "தொடர்கிறது" என்றால் பெரும்பாலும் ஏதோ ஆவணம் கேட்பார்கள். கொடுத்த கெடுவுக்குள் அனுப்புங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு, கூடுதல் பணமில்லை. நேர்காணல் முடிந்து 120 நாளாகியும் முடிவே வராவிட்டால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தால் 30 நாளுக்குள் என்-336 போட்டு மறுவிசாரணை கேட்கலாம்: இணையத்தில் 780 டாலர், காகிதத்தில் 830. இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகவே கூடாது.

உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் குடிமகன் இல்லை. அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில், நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, கைதானீர்களா, கல்யாண நிலை மாறியதா என்று கேட்டிருக்கும். விழா நாள் காலையில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கிரீன் கார்டை அங்கேயே ஒப்படைக்க வேண்டும்.

10. சான்றிதழ் கைக்கு வந்ததும்

இருக்கையை விட்டு எழும் முன் பெயர், பிறந்த தேதி, எழுத்துப் பிழை பாருங்கள். தவறு அவர்களுடையது என்றால் அப்போதே சொல்வது சுலபம். பிறகு தொலைந்துபோய் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் 500 டாலருக்கு மேல் ஆகும்.

பாஸ்போர்ட்டுக்கு டிஎஸ்-11, பெரியவர்களுக்கு 130 டாலரும் ஏற்பு மையத்துக்கு 35 டாலரும். அசல் சான்றிதழ் அந்த உறைக்குள் போய்விடும். பாஸ்போர்ட்டோடு சேர்ந்து வராமல் வேறு தபாலில் திரும்பும். அதனால் முதலிலேயே நல்ல வண்ண நகல் எடுத்து வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் நிலையை மாற்றுங்கள். 18 வயதுக்குட்பட்ட, கிரீன் கார்டு உள்ள, உங்கள் பொறுப்பில் உங்களோடு வசிக்கும் பிள்ளைக்கு நீங்கள் உறுதிமொழி எடுத்த அன்றே குடியுரிமை தானாக வந்துவிடும். அதற்குத் தனிச் சான்றிதழுக்கு 1,385 டாலர் கட்டுவதற்குப் பதில் பாஸ்போர்ட் எடுத்தாலே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

இந்தியர்களின் இந்தியக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த கணமே முடிந்துவிடுகிறது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடித் தேதி பாக்கி இருந்தாலும் அதில் பயணம் செய்தால் அபராதம் உண்டு. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்க, முதலில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டுக்குமாக மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள். இடையில் அவசரமாகப் போக வேண்டியிருந்தால், அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் இந்திய விசா எடுத்துத்தான் போக வேண்டும். சரண்டர் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அந்த விசாவும் இழுபடும் என்பதால், உறுதிமொழி எடுத்த வாரத்திலேயே அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.